இருநூற்றுப் பதினேழாம் நம்பர் கதவு

என் வாயில் மிச்சம் இருப்பது மூன்று பல். அந்த மூன்றின் மேலும் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் மூன்றும் இன்றைக்கே விழட்டும். கடைவாய்ப் பல் ஒன்று ஏற்கெனவே ஆடுகிறது. அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை.

செம்பூரில் மலைச்சரிவை ஒட்டி முனியாண்டி மேடு என்று எங்கள் குடியிருப்பு. நானூறு வீடு. பாதிக்கு மேல் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். எப்போதோ ஒரு காலத்தில் சர்வேக்காரர்கள் வந்து ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். பம்பாயில் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நம்பர்தான் பட்டயம். தீபாவளிக்குத் தீபாவளி கதவுக்கு நீலம் அடிப்பார்கள், பச்சை அடிப்பார்கள். நம்பர் இருக்கும் சதுரத்தை மட்டும் பிரஷ் தொடாது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முதலில் கதவைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் பையனை.

போன மழையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் மத்தியானம் மேலேயிருந்து கல் உருள ஆரம்பித்ததும் சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஒருத்தன் டிவியைத் தூக்கினான், ஒருத்தி மிக்சியை. இட்லி போட்டு விற்கிற பேராச்சி மட்டும் ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். அவள் புருஷன் இசக்கிப்பாண்டி குர்லாவில் கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறவன். அவன் கேஸ் சிலிண்டரைத் தூக்கப் போனான்.

"அதைப் போடுங்க. கதவைப் பிடிங்க" என்றாள்.

"ஏட்டி, வீடே போகப் போவுது. கதவு எதுக்கு?"

"வீடு போனாக் கட்டிக்கிடலாம். நம்பர் போனா யாரு தருவா?"

புருஷன் முன்னால், பெண்டாட்டி பின்னால், நடுவில் கதவு. பிணம் தூக்குகிற மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அரைமணி நேரத்தில் மலை இறங்கி வந்து உட்கார்ந்தது. முனியாண்டி புண்ணியம், ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. வீடு என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பேராச்சிக்கும் இசக்கிப்பாண்டிக்கும் இரண்டாவது மாடியில் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு. கதவைக் கரும்பலகையில் சாத்தி வைத்தாள்.

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். நான்காம் நாளே மறுகட்டுமானத் திட்டத்துக்கு 'மீண்டெழு' என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாம் நாள் சின்னம் வந்தது: செங்கல்லைப் பிளந்துகொண்டு ஒரு செடி. ஆறாம் நாள் பாட்டு. ஏழாம் நாள் மண்மேட்டின் எதிரே, வருகிற பிரமுகர்கள் செல்பி எடுக்க அட்டைச் சட்டம் ஒன்று நட்டார்கள். எட்டாம் நாள் தாடி வைத்த ஆலோசகர் ஒருவர் விமானத்தில் வந்து எங்களுக்குத் 'தாங்குதிறன்' பயிற்சி கொடுத்தார். கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். இடிந்துபோன வீட்டைக் கலர் பென்சிலால் வரையச் சொன்னார். வரைந்தோம். அதையும் கண்காட்சிக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பதாம் நாள்தான் வந்தனா மேடம் வந்தார், விசேஷச் சர்வே அதிகாரி. கையில் ஒரு டேப்லெட். நல்ல மனுஷி, யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், விதியைத் தவிர வேறு எதையும் நினைக்காதவர். அவர் பேசியது இந்தி. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

விதி எளிமையானது. எண் எங்கே இருக்கிறதோ அங்கே வீடு இருக்கிறது. எண்ணைப் போட்டோ எடுத்தால் டேப்லெட் இடத்தையும் நிலைமையையும் தானே குறித்துக்கொள்ளும். மனிதத் தலையீடு அறவே கிடையாது.

மண்மேட்டில் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வீட்டுக்கு ஒரே பதில்: "எண் காணப்படவில்லை. வீடு இருந்ததில்லை."

அப்புறம் மேட்டின் கீழ் ஓரத்தில் ஆறு தகரக் கதவு சாய்ந்து நிற்பதைப் பார்த்தார்கள். ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர். அது எங்கள் பொதுக் கழிப்பறை. காலையில் வரிசைச் சண்டை வராமல் இருக்க நாங்களே எழுதிய நம்பர். டேப்லெட்டுக்கு அது தெரியுமா? "ஆறு வீடுகள். சுவர் சாய்வு. கூரை முழுச் சேதம். உதவிக்குத் தகுதி உண்டு" என்றது. கூரை என்றைக்குமே இருந்ததில்லை. இந்த ஆறு குடும்பமும் எங்கே என்று மேடம் விசாரித்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைசியாக ஆறாம் வகுப்புக்கு வந்தார். கதவைப் போட்டோ எடுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க வீடு நல்லா இருக்கே. சேதமே இல்லை."

"வீடு மண்ணுக்கு அடியில இருக்கு, மேடம்" என்றாள் பேராச்சி.

"இதோ பாருங்க. வீட்டு எண் இருநூற்றுப் பதினேழு. நிலைமை நன்று. இடம், இரண்டாவது மாடி. மலைச்சரிவுல இருந்தவங்க மாடிக்கு வந்திருக்கீங்க. 'முன்னேற்றம்'னு தனியா ஒரு கட்டம் இருக்கு. அதையும் டிக் பண்ணிடறேன்."

முன்னேற்றத்தின் பலன் அடுத்த வாரமே வந்தது. இருநூற்றுப் பதினேழாம் எண் வீடு பள்ளி வளாகத்தை ஆக்கிரமித்திருப்பதால் திங்கட்கிழமைக்குள் இடித்து அகற்றவும் என்று கல்வித் துறையிலிருந்து நோட்டீஸ். அதே திங்கட்கிழமை முகாமையும் மூடுகிறார்கள். மற்றவர்கள் தாராவி, சீத்தா கேம்ப் என்று சொந்தக்காரர்களைத் தேடிப் போனார்கள். பேராச்சிக்கு இருந்தது தாராவியில் ஒரு நாத்தனார். அங்கே ஏற்கெனவே பதினோரு பேர். முறை வைத்துத்தான் காலை நீட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் கூரை. அதற்கப்புறம் மழை.

செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து மனு எழுதிக் கொடுக்கும் முகம்மது ஹனீபிடம் போனாள். காயல்பட்டினத்துப் பிள்ளை, மனுவைப் படிக்கிறவன் கண் கலங்காமல் விடமாட்டான். இந்த முறை அவனே சிரித்தான்.

"அக்கா, நாப்பது மனு எழுதலாம். ஒண்ணும் நடக்காது. அவங்க விதியை எதிர்க்காதீங்க. அதைத் தூக்கிக்கிட்டு நடங்க."

"எங்க நடக்க?"

"கதவு போற இடத்துக்கு வீடு போகும்னா, நல்ல இடமாப் பாத்து வைங்களேன்."

'மீண்டெழு' ஆபீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் முதல் மாடி. ஏசி, லிப்ட், குடிதண்ணீர் மிஷின். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியபோது நெருக்கியடித்த கூட்டத்தில் வாசல் கண்ணாடிக் கதவு நொறுங்கி, புதுக் கதவுக்கு டெண்டர் போயிருந்தது. வாசல் வெறுமனே கிடந்தது. திங்கட்கிழமை எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் இசக்கிப்பாண்டி கீலை அடித்து, நெளிவு எடுத்து, கதவை மாட்டிவிட்டான். தொழில்காரன் கை, முக்கால் மணி நேரம்.

வந்தனா மேடம் திரும்பி வந்தால் கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

"யாரு?"

"நான் இந்த ஆபீஸ்."

"இது வீடு, மேடம். அதுல பாருங்க."

மேடம் பார்த்தார். டேப்லெட் யோசிக்கவே இல்லை. இருநூற்றுப் பதினேழு. நன்று. முதல் மாடி. மேடம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இது தப்பு என்று எழுதினால் மொத்தச் சர்வேயும் தப்பாகும். அந்தச் சர்வேக்கு டெல்லியில் விருது அறிவித்தாகிவிட்டது.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றாள் பேராச்சி.

அன்றிலிருந்து ஆபீஸ் அவள் வீட்டுக்குள் நடந்தது. காலை பத்து மணிக்கு இட்லி, சாம்பார். ஊழியர்கள் முதன்முறையாக நேரத்துக்கு வந்தார்கள். கதவுக்குப் பின்னால் வசிப்போரை எண்ணும் கணக்கெடுப்பில் டேப்லெட் பதினாறு பேரை எண்ணியது. குடும்பத் தலைவி பேராச்சி. நாத்தனார் என்ற கட்டம் காலியாக இருந்ததால் வந்தனா மேடத்தை அதில் சேர்த்துக்கொண்டது. பதினாறு பேருக்கும் நிவாரணப் பை வந்தது: வாளி, பாய், கம்பளி. வாளியின் நிறம் சரியில்லை என்று டைப்பிஸ்ட் ஒருவர் மேல்முறையீடு செய்தார். திட்டத்தின் போஸ்டரிலும் அந்த வீடுதான் வந்தது. 'அன்று மலைச்சரிவு, இன்று ஏசி!'

மூன்று மாதம் கழித்துத் திட்டம் நூறு சதவீத வெற்றி என்று அறிவித்தார்கள். கணக்கு சரிதானே? இருந்ததாகத் தெரிந்த வீடு ஏழு. அதில் ஒன்று நன்று. ஆறுக்குப் புது ரூம் கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்ததே இல்லை. வெற்றி பெற்ற ஆபீசை நடத்தக்கூடாது என்பது விதி, மூடிவிட்டார்கள். கட்டிடக்காரர் சாவி கேட்டார். பேராச்சி மறுபடி ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

இப்போது அந்த ஆறு குடும்பத்தைச் சொல்லவேண்டும்.

எனக்கு முனியாண்டி மேட்டில் சொந்த வீடு கிடையாது. இஸ்திரிக் கடைப் பரணில் படுக்கை. பரணுக்கு நம்பர் கொடுக்கமாட்டார்கள். மேடம் அன்று தகரக் கதவுகளின் முன்னால் நின்று இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டபோது, என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான்தான்" என்றேன்.

"எந்த நம்பர்?"

"நாலு."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தெட்டு வருஷம், மேடம். ஒரு நாள் தவறினதில்லை."

"கூட யாரு?"

"தனியாத்தான்."

சாட்சி கேட்டார். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் முன்வந்து, இவர் காலையில் உள்ளே போனால் லேசில் வெளியே வரமாட்டார் என்று மனதார எழுதிக் கொடுத்தார்கள். என் மூன்று பல் மேல் சத்தியமாக நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கும் இன்னும் ஐந்து மூத்த வாடிக்கையாளர்களுக்கும் சுனாபட்டியில் ஏழாவது மாடியில் ரூம் வந்தது.

ரூமுக்குக் கதவு இல்லை. கதவு பயனாளியின் உடைமை. சேதமடைந்தது வீடுதானே தவிரக் கதவல்ல. அரசு இருமுறை வழங்காது என்று விளக்கம். தகரக் கதவுகளை நாங்கள் அதற்குள் பங்காரில், அதாவது பழைய இரும்புக் கடையில், போட்டுப் பஜ்ஜி தின்றாகிவிட்டது. வாசலில் வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

ஒரு நாள் வேட்டியை விலக்கிக்கொண்டு பேராச்சி நின்றாள். பின்னால் இசக்கிப்பாண்டி, நடுவில் கதவு.

"மாமா, ஏழாவது மாடில காத்து இப்படி அடிக்குதே. இந்தக் கதவு எங்களுக்குச் சும்மாதான் கெடக்கு. மாட்டித் தரட்டா?"

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நல்லா இருடி என்று வாழ்த்தினேன். கதவை நானே ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். மாட்டி முடித்து, மழை விடட்டும் என்று உட்கார்ந்தார்கள். ராத்திரி முழுக்க மழை விடவில்லை.

ஆபீஸ் மூடினாலும் பாக்கி இருந்த கடைசிச் சரிபார்ப்புக்கு மறுநாள் வந்தனா மேடம் வந்தார். கதவைப் போட்டோ எடுத்தார்.

"இருநூற்றுப் பதினேழு. நன்று. ஏழாவது மாடி. குடும்பத் தலைவி பேராச்சி."

"நாலாம் நம்பர், மேடம்?" என்றேன்.

அதையும் தட்டிப் பார்த்தார். "எண் காணப்படவில்லை. வீடு இருந்ததில்லை."

"நான் இங்கதானே நிக்கேன்."

"நிக்கிறீங்க. வீடு இவங்களோடது. நீங்க யாரு?"

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்துக்குச் சாட்சி தேடினேன். பேராச்சியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். கதவைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தபோது நான் சிரித்தது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும். மேடத்தின் விரல் டேப்லெட்டுக்கு மேல் காத்திருந்தது.

"எங்க மாமனாருதான், மேடம்" என்றாள் கடைசியில். "வயசாயிட்டுல்லா. அப்படித்தான் எதையாவது பேசிக்கிட்டு இருப்பாரு."

மேடம் டிக் செய்தார்.

இப்போது கதவோரத்தில் என் படுக்கை. காலையில் நாலு இட்லி, குறை சொல்லக்கூடாது. ரூமுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கிறது. நான் உள்ளே போய் ஐந்து நிமிஷம் ஆனால் இசக்கிப்பாண்டி தட்டுகிறான். "மாமா, வெளிய வாரும். இதுலயும் குடித்தனம் வச்சிராதீரும்."

ஊரும் பாடம் படித்துவிட்டது. வானம் கறுத்தால் போதும், செம்பூரிலிருந்து சீத்தா கேம்ப் வரைக்கும் சனம் கதவைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறது. கதவில்லாத வீட்டில் மழைத் தண்ணீர் தாராளமாக வந்துபோகிறது. தாடிக்கார ஆலோசகர் இதைத்தான் தாங்குதிறன் என்று எழுதிப் பரிசு வாங்கினாராம். நீங்கள் சிரித்தது போதும். உங்கள் வீட்டு ஸ்குரூ டிரைவர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரை எடுக்காதீர்கள். நாலாம் நம்பர்காரன் என்றும் சொல்லவேண்டாம். அந்த வீடே இருந்ததில்லை என்று அரசாங்கம் சொல்கிறது. இல்லாத வீட்டில் இருந்தவன் எப்படிக் கதை சொல்லுவான்?

என்ன பார்க்கிறீர்கள்? அந்தக் கடைவாய்ப் பல்லா? அது இப்போதுதான் விழுந்தது. தானாக விழுந்தது.