கோலியனூரில் நடந்த பூச்சி நரம்பு விளக்கக் கூட்டம்

நரம்பு மண்டலத்தின் இரகசியம் உலகத்தில் வேறெங்கும் விளங்காத அளவுக்கு, 1997ஆம் ஆண்டு கோலியனூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் விளங்கியது. விளக்கியவர் பூச்சிமருந்துக் கம்பெனி அதிகாரி சக்கரபாணி. நிலக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மருந்தடிக்கிற கூலியாட்களான எங்களைச் 'செயல்முறை விளக்கத்துக்காக' கழனியிலிருந்து நேராக வரவழைத்திருந்தார்கள். கைகால் கழுவ விடவில்லை. அறிவியல் காத்திருக்காதல்லவா.

எங்களை வரிசையாக நிறுத்தி, முதல் ஆளிடம் கான்கிரீட் சட்டியைக் கொடுத்தார்.

"நீங்கதான் நரம்பு செல்லு. ஒருத்தனை ஒருத்தன் தொடக்கூடாது, நடுவுல சந்து இருக்கு. சந்தைத் தாண்டிப் போற ரசாயனம்தான் இந்தச் சட்டி. வந்தா கையை ஆட்டணும்."

"வந்த சட்டி என்னாவும் சார்?" என்றேன்.

"ஒடனே ஒருத்தன் வாங்கி ஓரமாப் போட்டுடுவான். இல்லன்னா கை ஆடிக்கினே இருக்கும். நம்ம மருந்து அந்த ஓரமாப் போடுறவன் கையைக் கட்டிடுது. அப்புறம் சட்டி மேல சட்டி. பூச்சி ஒதறி ஒதறி, மூச்சு நின்னு, குளோஸ்."

நிலக்காரர்கள் கைதட்டினார்கள். சாவை இவ்வளவு சுலபமாக எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"மனுசன் நரம்பும் இப்பிடித்தானுங்களா?"

"இப்பிடித்தான். ஆனா நம்ம மருந்துக்கு ஆள் தெரியும்."

மருந்துகூடப் படித்த மருந்து.

வரிசையின் கடைசியில் நின்றவன் பூமாலை. ஒழுகுகிற மருந்து டேங்கை வெற்று முதுகில் சுமந்து, காலையிலிருந்து நெல்லுக்கு அடித்துவிட்டு வந்தவன். சட்டி அவனிடம் போவதற்கு முன்பே தோள் துடித்தது. கண்ணில் நீர், வாயில் எச்சில் வழிந்தது.

"பாருங்க, என்னா தத்ரூபமாப் பண்றாரு," என்றார் சக்கரபாணி.

பூமாலை முட்டி மடங்கி விழுந்தான். கைதட்டல் இன்னும் பலமானது.

வாசலில் காத்திருந்த அவன் பெண்சாதி வடிவு ஓடிவந்தாள். "ஐயா, அவரு நடிக்கலீங்க. மூச்சு இழுக்குது. வாசல்ல நிக்கிற ஒங்க ஜீப்புல ஜல்தியா விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவலாங்க."

"அதுல நெலக்காரங்களுக்குக் குடுக்கிற பரிசு பிளாஸ்க்கு இருக்கும்மா. எறக்கி ஏத்துறது பேஜாரு. வெயில் மயக்கம்தான், மோர் குடு."

நிலக்காரர் ராஜாங்கமும் வைத்தியத்தில் இறங்கினார். "இவனுக்கு நரம்புத் தளர்ச்சி. போன வருசமே லேகியம் துன்னுடான்னேன்."

"லேகியத்த அவரு எழுந்து வந்து துன்னட்டும். வண்டிய எடுக்கச் சொல்லுங்க," என்றாள் வடிவு.

பிளாஸ்க்குகளை அசைக்க யாருக்கும் மனம் வரவில்லை. நாங்களே பூமாலையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு ஓடினோம். பஸ் விழுப்புரத்தை நெருங்கும்போது உதறல் நின்றது. மூச்சும் நின்றது.

கூட்டம் 'முழு வெற்றி' என்று சக்கரபாணி ஊரெல்லாம் சொல்கிறாராம். நான் மறுக்கமாட்டேன். மருந்தில் உயிர் எப்படிப் போகும் என்பதை அவர் பாதியில் விட்டுவிடவில்லை. ஜீப்பை வாசலிலேயே நிறுத்திவைத்து, கடைசி மூச்சுவரைக்கும் காட்டினார்.