மண்டியிடும் ஆடுகளின் புனிதர்

எங்கள் நாட்டுத் தலைநகரான அனியில் பேராலயத்துக்குக் கல் சுமந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் மலையூருக்கும் ஒரு புனிதர் கிடைத்தார். நாங்கள் தேடிப் போகவில்லை. பார்செக் என்ற துறவி கழுதை மேல் வந்து இறங்கினார். வயிறாரச் சாப்பிட்டார், தூங்கினார், கனவு கண்டார், எழுந்தார்.

"உங்க ஊர்ச் சிலுவைக்கல்லுக்கு அடியில முந்நூறு வருஷமா ஒரு முனிவர் படுத்திருக்காரு" என்றார்.

முந்நூறு வருடம் ஊர்க்காரர் ஒருவரிடமும் பேசாத முனிவர், வெளியூர்க்காரர் ஒருவர் குறட்டை விட்ட மதியத்தில்தானா வாய் திறக்க வேண்டும்? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் ஓஹான், இந்த ஊர் ஆடுகளை மேய்ப்பவன்.

மறுநாளே அற்புதம் நடந்தது. சிலுவை செதுக்கி நட்டுவைத்த அந்தக் கல் ஒரு பக்கம் சாய்ந்து, அடியில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். பலிக்கு வந்த ஆடு நேராக அங்கே போய், முன்னங்கால் இரண்டையும் மடக்கி மண்டியிட்டு, தலையைக் கல்லடியில் நுழைத்தது. ஞாயிறு பூசையில் எங்கள் ஊர்க்காரன் எவனும் அவ்வளவு பக்தியாக மண்டியிட்டதில்லை. செய்தி பரவி மூன்று பள்ளத்தாக்கு ஜனமும் திரண்டது. ஊர்த்தலைவர் கூர்கெனுக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்ம பூசை அப்பத்துல புளிப்பு இல்ல, திராட்சை ரசத்துல தண்ணி கலக்கலன்னு கிரேக்க சபைக்காரன் கேலி பண்றானே. அவன் புளிச்ச அப்பத்துக்கு ஒரு கோழியாவது மண்டி போட்டிருக்கா?" என்றார். இதைவிடப் பெரிய வேத விளக்கம் எந்த மடத்தில் கிடைக்கும்?

பலி எங்களுக்குப் புதிதல்ல. நாடு கிறிஸ்துவுக்கு மாறியபோது பழைய கோயில் பூசாரிகள், பலிக் கறி போனால் பிள்ளைகள் எதைத் தின்னும் என்று அழுதார்களாம். சரி, ஆட்டுக்கு மந்திரித்த உப்பைக் கொடுத்து அறுங்கள், கறியை ஏழைகளுக்கும் பங்கிடுங்கள் என்று சபைப் பெரியவர்கள் வழி சொன்னார்களாம். அன்றிலிருந்து உப்பில்லாமல் பலி இல்லை.

பார்செக் அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்தார். உப்பை அவர் கையாலேயே கொடுத்து ஆட்டைக் கல்லிடம் விடுவார். மண்டியிட்ட ஆடு புனிதருக்குச் சொந்தம், அறுக்கவும் கூடாது, பங்கிடவும் கூடாது, நேராகப் பார்செக்கின் பட்டிக்குப் போய்விடும். மண்டியிடாவிட்டால் புனிதருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், வேறு ஆடு கொண்டுவர வேண்டும். எங்கள் புனிதருக்கு ஆட்டின் தரம் நன்றாகத் தெரிந்திருந்தது. கொழுத்ததெல்லாம் மண்டியிட்டது. எலும்பும் தோலுமாக இருந்த ஒன்றுகூட மண்டியிடவில்லை. ஏழைகள் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புனிதரைப் புகழ்ந்தார்கள்.

அந்த வசந்தத்தில் மழை பொய்த்தது. வாற்கோதுமை கருகியது. பார்செக் மறுபடியும் தூங்கினார்.

"வார்தேனி வீட்டு வெள்ளை ஆட்டை முனிவர் கேக்குறாரு. அது வந்தாத்தான் மழை" என்றார்.

வார்தேனி கம்பளம் நெய்பவள். அவள் தங்கை குழந்தை பெற்ற ஏழாம் நாள் இறந்துபோனாள். அந்தக் குழந்தைக்கு வேறு எந்தப் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை, வெள்ளை ஆட்டுப் பால் ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. ஆடு போனால் குழந்தையும் போய்விடும். இது ஊருக்கே தெரியும். தெரிந்தும் கூர்கென் தலைமையில் அவள் வாசலில் போய் நின்றோம்.

"ஒரு குழந்தைக்காக ஊரே பட்டினி கிடக்கணுமாம்மா? நாளைக்கு நீயா ஓட்டிட்டு வந்தா மரியாதை" என்றார் கூர்கென்.

"நானே ஓட்டிட்டு வரேன் தலைவரே. மண்டி போட்டா எடுத்துக்குங்க. போடலன்னா அப்புறம் என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றாள் வார்தேனி. பிறகு என்னைப் பார்த்தாள். "ஓஹான் அண்ணே, ஒரு வாரம் உப்பு வைக்கலன்னா ஆடு என்ன பண்ணும்?"

"கண்ட கல்லையும் நக்கும்" என்றேன்.

"பார்செக் சாமி உப்பு குடுக்கறப்ப அவரு கையப் பாத்திருக்கியா?"

"இல்லையே. நான் கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டிருப்பேன்."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். இருபது வருடமாக வாரத்துக்கு ஒருமுறை ஆடுகளுக்கு உப்பு வைத்தவன் நான். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் கூட்டம் நெருக்கித் தள்ளியது. பார்செக் வெள்ளை ஆட்டை ஆசையோடு தடவிப் பார்த்து, ஒரு சிட்டிகை உப்பு கொடுத்து விட்டார். ஆடு கல்லருகே போனது, மோந்து பார்த்தது, திரும்பி நின்று புனிதரின் பக்கம் புழுக்கை போட்டது.

பார்செக்கின் முகம் சுண்டிவிட்டது. "இவ பாவி. இவ பாவம் ஆட்டு மேல ஏறியிருக்கு" என்று கையை நீட்டினார். நாலைந்து பேர் கீழே குனிந்து கல் பொறுக்கினார்கள்.

வார்தேனி அசையவில்லை. "என் பாவம் இல்ல சாமி, என் உப்பு. காலையில அது போதும் போதும்கிற வரைக்கும் வச்சுட்டுத்தான் ஓட்டிட்டு வந்தேன். ஓஹான் அண்ணே, புனிதர் மூணு தடவ வேண்டாம்னு சொன்னாரே, அந்த நொண்டிக் கிடாவக் கொண்டா. இவரு கையால ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

கிடாவை விட்டேன். அது நொண்டிக்கொண்டே ஓடிப்போய், மண்டியிட்டு, தலையை நுழைத்துக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை.

"கொழுத்த ஆட்டுக்கு ஒரு சிட்டிகை, உப்புப் பசி அடங்காது, மிச்சத்த இங்க தேடும். நோஞ்சானுக்கு ரெண்டு கை, திகட்டிரும், இந்தப் பக்கமே வராது. தலைவரே, நீங்களும் மண்டி போட்டு ஒரு நக்கு நக்கிப் பாருங்க" என்றாள் வார்தேனி.

கூர்கென் முனகிக்கொண்டே மண்டியிட்டார், கையை உள்ளே விட்டுத் துழாவி நாக்கில் வைத்தார். "உப்புத்தான்" என்றார்.

பார்செக் விடவில்லை. "கல்லுல உப்பு சுரக்குது. அதுவும் அற்புதம்தான்."

"சரி" என்றாள் வார்தேனி. சுவரோரம் பார்செக்கின் கழுதை கட்டியிருந்தது, அதன் முன்னால் தீவனத் தொட்டி. மடியிலிருந்து ஒரு பிடி உப்பெடுத்துத் தொட்டிக்கு அடியில் தள்ளினாள். கிடா புனிதரை விட்டுவிட்டு வந்து கழுதையின் முன் மண்டியிட்டது. கழுதை காதை ஆட்டி ஆசீர்வதித்தது.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு மூன்று பள்ளத்தாக்கும் சிரித்தது. கல் பொறுக்கியவர்கள் பார்செக் பக்கம் திரும்பினார்கள். அவர் கழுதையைக்கூட அவிழ்க்காமல் மலையிறங்கி ஓடினார். பட்டியைத் திறந்து அவரவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனோம். வெள்ளை ஆடு வீடு திரும்பியது. அழுதுகொண்டிருந்த குழந்தை அதன் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கியது.

மழை மட்டும் வரவில்லை. மறுநாள் காலையில் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்ட மண்வெட்டியோடு கூடினோம். வார்தேனியும் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். போகிற வழியில் கழுதைத் தொட்டியின் முன்னால் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

"யார் ஏத்துனது?" என்றாள்.

கூர்கென் தரையைப் பார்த்தார். "இல்லம்மா, ஆடு இதுக்கும் மண்டி போட்டுச்சே, ஒருவேளை..."

வார்தேனி மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள்.

"மண்டி போட்ட ஆட்டுக்கு உப்பாவது கிடைச்சுது. உங்களுக்கு என்னய்யா கிடைச்சுது?"