பொறுப்பாசிரியர் ஷவ்கி

அலெக்ஸாண்ட்ரியாவில் ஷவ்கிக்குத் தெரியாத சட்டம் கிடையாது. இணையத்தில் யார் என்ன எழுதலாம், எழுதினால் யார் உள்ளே போகலாம் என்று நாளிதழில் வாரம் இரண்டு பத்தி எழுதுபவர். மனைவி இனாயத்துக்குத் தெரிந்தது சமையல்தான். முகநூலில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். வெறும் கீரைக் குழம்பு போட்டால் பத்துப் பேர் பார்த்தார்கள். புருஷனையும் கொஞ்சம் சேர்த்துக் கிண்டினால் ஆயிரம் பேர்.

ஒரு நாள் டிராமில் முன்பின் தெரியாத ஒருவர், "சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போனவர் நீங்கதானே!" என்று கைகுலுக்கினார். ஷவ்கி நேராக வீட்டுக்கு வந்தார்.

"இனாயத், உன் பக்கத்துல எத்தனை பேர்?"

"அஞ்சாயிரத்து முந்நூறு. நேத்து நீங்க குளியலறையில வழுக்கி விழுந்ததும் இன்னும் ஐந்நூறு."

"அஞ்சாயிரம் தாண்டினா சட்டப்படி அது அடுப்படி இல்ல, பத்திரிகை! பொய்ச் செய்தி போட்டா இழுத்து மூடிடுவாங்க."

"நீங்க விழுந்தது பொய்யா?"

"வாயை மூடு. இனிமே எதுவா இருந்தாலும் நான் படிச்சுக் கையெழுத்துப் போட்டப்புறம்தான் வெளிய வரணும்."

சண்டைக்குத் தயாராக நின்றார் ஷவ்கி. சண்டை வரவில்லை.

"பத்திரிகைன்னா பொறுப்பாசிரியர் வேணுமே, உஸ்தாத்? உங்களைவிட்டா யாரு இருக்கா?"

ஷவ்கியின் நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தெறிக்கவிட்டது. அன்றே பக்கத்தின் உச்சியில் அவர் பெயர் ஏறியது.

ஒரு வாரம் ராஜ்ஜியம்தான். தன் பெயர் வந்த இடமெல்லாம் சிவப்பு மையால் வெட்டினார். பெயர் இல்லாததைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நாளிதழ் முதலாளி நஷாத் போன் செய்தார்.

"ஷவ்கி, 'வியாழக்கிழமை விருந்துல கோஸ் இலை மஹ்ஷி சாப்பிட்டேன். உள்ளே அரிசி வேகல, பூனைகூடத் தொடாது'ன்னு போட்டிருக்கே. அது என் வீட்டு விருந்து!"

"எழுதினது என் மனைவி..."

"எழுதினவங்க தப்பிச்சாலும் பொறுப்பாசிரியர் தப்ப முடியாதுன்னு உங்க பத்தியிலதானே படிச்சேன்? சமைச்ச என் மதாம் கொதிச்சுப் போயிருக்கா."

ஷவ்கி அடுப்படிக்குப் பாய்ந்தார்.

"யார் வீட்டு மஹ்ஷின்னு ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே. உங்க பேரு இருக்கான்னுதானே பாத்தீங்க?"

"உடனே மறுப்புப் போடு! மஹ்ஷி பிரமாதம்னு எழுது!"

"பொய்ச் செய்தியா? ஐயோ, இழுத்து மூடிடுவாங்க."

"அப்ப என் பேரை எடு!"

"எடுத்துடறேன். ஆனா நேத்து நீங்க போட்ட கையெழுத்தை எப்படி எடுக்கறது?"

போன் மறுபடி அடித்தது. நஷாத்தின் குரல் இப்போது இரக்கமாக இருந்தது. "மதாம் வழக்குப் போட மாட்டாளாம். பொறுப்பாசிரியர் மட்டும் நாளை மதியம் சாப்பிட வரணுமாம்."

மறுநாள் நஷாத்தின் மனைவி மதாம் தஹானி ஒரு பானை மஹ்ஷியோடு எதிரே உட்கார்ந்தாள். மூன்றாவது தட்டில் ஷவ்கியின் தாடை நின்றுவிட்டது.

"எப்படி இருக்கு, பொறுப்பாசிரியரே?"

"பிரமாதம், மதாம்" என்றார் ஷவ்கி. நான்காவது தட்டு வந்தது.