மூன்று முறை தட்ட வேண்டும்

அன்பும் மரியாதையும் மிகுந்த ஃபுமிகோ அக்காவுக்கு, தம்பி குனிஹிகோ வணங்கி எழுதுவது. இங்கே தொயாமாவில் மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. ஒசாகாவில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ அனுப்பிய உப்பிட்ட கடற்பாசி வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரி யொஷியே தினமும் சோற்றில் போட்டுக்கொள்கிறாள், எனக்குக் கண்ணில் காட்டுவதோடு சரி.

போன வாரம் தொலைபேசியில், "பிள்ளையைப் போட்டுப் படுத்தாதடா, அவ பாட்டுக்குப் போய்ப் பேசட்டும்" என்று சொன்னாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். மிச்சிரு அவள் பாட்டுக்குப் போய்த்தானே போன வருடம் கோட்டைவிட்டாள்? எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். நேர்முகத்தில் 'ஏன் செவிலியர் ஆக வேண்டும்' என்று கேட்டதும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். இந்த வருடமும் இடம் கிடைக்காவிட்டால் அங்காடியில் மீன் வெட்டும் வேலைக்குப் போய்விடுவேன் என்கிறாள். மிச்சிரு சொன்னால் செய்வாள். ஆனால் நீ கவலைப்படாதே, இம்முறை பயிற்சி கொடுத்தது நான். இருபத்தாறு வருடமாக ஓட்டுநர் பள்ளியில், ஸ்டீயரிங்கைப் பார்த்தாலே அழுகிறவர்களை எல்லாம் உரிமம் வாங்க வைத்தவன். இதைப் பல்கலைக்கழகத்தில் பெற்றோர் அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவள் உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகிறது. மற்றவர்கள் நகத்தைக் கடிக்கிறார்கள், நான் நிம்மதியாகக் கடிதம் எழுதுகிறேன். வலது கால் மட்டும் பிரேக்கை மிதிப்பதுபோலத் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது. அது தொழில் பழக்கம்.

நேர்முகம் கதவிலேயே ஆரம்பிக்கிறது, அக்கா. மூன்று முறை தட்ட வேண்டும். இரண்டு முறை தட்டினால் அது கழிப்பறையைத் தட்டுவது, பேராசிரியர்கள் அப்போதே பேனாவை மூடிவிடுவார்கள். அப்புறம் முதுகைக் காட்டாமல் கதவைச் சாத்தி, முப்பது டிகிரி குனிய வேண்டும். குனிந்துகொண்டே பேசக் கூடாது, பேசிக்கொண்டே குனியக் கூடாது. இதைப் பழக ஒரு கதவு வேண்டுமே, நம் வீட்டிலோ எல்லாம் காகிதம் ஒட்டிய தள்ளுகதவு. முதல் நாளே மிச்சிரு இரண்டாவது தட்டில் கையை அந்தப் பக்கம் விட்டுவிட்டாள். யொஷியே காகிதத்தை இலை வடிவில் வெட்டி ஓட்டையின் மேல் ஒட்டினாள், நான்காவது இலை ஒட்டும்போது "என்னங்க, இது வீடா தோட்டமா" என்று கேட்டாள். தட்டினால் தாங்கக்கூடிய கதவு கழிப்பறைக் கதவு ஒன்றுதான். ஆகவே கோட்டும் டையுமாக நான் உள்ளே கழிப்பறைக் கோப்பையின் மூடி மேல் பேராசிரியராக உட்கார்ந்தேன். அவள் மூன்று முறை தட்டினாள். ஐம்பத்து நான்கு வருடப் பழக்கம், ஆள் இருக்கிறது என்று நானும் உள்ளிருந்து திருப்பித் தட்டிவிட்டேன். அவளும் அதே பழக்கத்தில் "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். இருபது நிமிடம் உள்ளே காத்திருந்தேன். அடுத்த தடவை சரியாக நுழைந்தாள், ஆனால் அந்த இடத்தில் முப்பது டிகிரிக்கு ஏது வசதி, அவள் தலை என் மூக்கில் இடித்தது.

மூன்றாம் நாள் எங்கள் தெருச் சங்கத் தலைவர் செகாவா சுற்றறிக்கை கொடுக்க வந்தார். வந்த இடத்தில் அவருக்கு அவசரம், யொஷியேவிடம் கேட்டுக்கொண்டு ஓடிவந்து கதவைத் தட்டினார். நான் மிச்சிரு என்று நினைத்து, "உள்ள வாங்க. உங்க பேரையும், இங்க எதுக்கு வந்தீங்கங்கறதையும் சுருக்கமா சொல்லுங்க" என்றேன். வெளியே கால் மாற்றி மாற்றி நிற்கும் சத்தம். பிறகு, "செகாவா. ரொம்பச் சுருக்கமாத்தான் சொல்ல முடியும், குனிஹிகோ" என்றது குரல்.

இதெல்லாம் சில்லறை விஷயம். முக்கியமானது அந்த 'ஏன்' கேள்வி. அதற்கும் நானே பதில் எழுதிக் கொடுத்தேன். நான்கு வயதில் இறக்கை ஒடிந்த சிட்டுக்குருவிக்குக் கட்டுப் போட்டேன், அன்றே முடிவு செய்தேன் என்று அழகாக வரும்.

"குருவிக்கு எப்பப்பா நாம கட்டுப் போட்டோம்?"

"போட்டிருப்போம். உனக்கு ஞாபகம் இருக்காது."

"எனக்குன்னு ஒரு காரணம் இருக்கு. உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்."

சொல்லாவிட்டால் போகட்டும். அறுபது தடவை ஒப்பிக்க வைத்திருக்கிறேன், வாயைத் திறந்தால் குருவிதான் வரும். இடம் நிச்சயம், அக்கா. அத்தானுக்கு என் வணக்கம். குளிருக்கு முழங்காலைச் சூடாக வைத்துக்கொண்டு, இருவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி குனிஹிகோ

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. மிச்சிரு வந்துவிட்டாள். காற்றோட்டத்துக்காக அந்த அறைக் கதவுக்குக் கட்டை கொடுத்துத் திறந்தே வைத்திருந்தார்களாம், தட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. குருவியையும் சொல்லவில்லையாம். பின் என்னதான் சொன்னாய் என்று நான் விடாமல் கேட்டதில், காரில் ஏறிய பிறகு சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் எனக்குப் பித்தப்பை அறுவை நடந்ததே, சிரித்துக்கொண்டே உள்ளே போனேன் என்று உனக்கு எழுதினேனே, அது பாதிதான் உண்மை. தள்ளுவண்டியில் படுத்து எல்லோரிடமும் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தபோது என் இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. கூட வந்த செவிலியர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த இடம் குளிருது, இல்ல?" என்று சொல்லி என் கைகளின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டார். வேறு யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நான் இன்றுவரை நினைத்திருந்தேன். மிச்சிரு கவனித்திருக்கிறாள். அந்தத் துண்டைப் போடத் தெரிந்த ஆளாக வேண்டும் என்று சொன்னாளாம். போன வருடம் அவள் பேசாமல் உட்கார்ந்திருந்ததும் இதனால்தான், அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லையாம்.

"இது உங்க அப்பாவுக்குத் தெரியுமா?" என்று ஒரு பேராசிரியர் கேட்டிருக்கிறார்.

"தெரியாதுங்க. கீழ உக்காந்து, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு அத்தைக்கு லெட்டர் எழுதிக்கிட்டிருப்பார்."

முடிவு டிசம்பர் முதல் வாரம் வரும். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. முடிந்தால் இன்றைக்கே கூப்பிடு.