ஹேண்ட்பிரேக்கில் ஏறிய ஹெலிகொப்டர்

பதுளை மாவட்டத்தில் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்து வானத்தில் ஏறிய ஒரே மனிதர் எங்கள் ஏத்தம் அண்ணன்தான். ஊவா மாகாணத்திலேயே என்று எழுதத்தான் கை போகிறது. அதே மாகாணத்து மொனராகலைப் பக்கமிருந்து யாராவது வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் அடக்கி வாசிக்கிறேன்.

பதுளையில் எனக்கு வேலை கிடைத்தபோது, ஹாலிஎலயில் அவர் வீட்டு மேல்மாடி அறையில்தான் வாடகைக்கு இருந்தேன். அவருக்குத் தொழில் வேன் ஓட்டுவது. கல்யாணம், காதுகுத்து, கதிர்காமம், ஆஸ்பத்திரி எதுவானாலும் சுற்றுவட்டாரத் தோட்டத்துச் சனங்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்குக்கூட மறந்துபோயிருந்தது. பெரகலவிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறுகிற மலைப்பாதை வந்ததும் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பதுபோல் "ஏத்தம்" என்பார். சொன்ன கையோடு ஏசியை அணைப்பார். ஏசி எஞ்சினின் பலத்தில் பங்கு கேட்கும், மேட்டில் பங்கு கொடுக்கக் கூடாது என்பது மலைநாட்டு வேன்காரர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நம்மவர் அதோடு விடமாட்டார். பாட்டை நிறுத்துவார், உள்விளக்கை அணைப்பார், பின்சீட்டில் பேசுகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்து முறைப்பார். கொஸ்லந்தவில் ஏறிய ஒரு கல்யாணக் கூட்டத்தில், உடம்பு பெருத்த ஒரு சித்தப்பாவை வளைவு முடியும்வரை மூச்சைக் கொஞ்சம் அடக்கச் சொன்னாராம். சித்தப்பா அடக்கினாராம், வேனும் ஏறியதாம்.

அவரிடம் ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. ஏறத் தொடங்கிய பிறகு திருப்புவதில்லை. மழை கொட்டினாலும், மூடுபனியில் முன்சக்கரம் தெரியாவிட்டாலும், மேலே மண் சரிந்திருக்கிறது என்று எதிரே வருகிறவன் கைகாட்டிச் சொன்னாலும், வேனைத் திருப்பமாட்டார்.

"திருப்பக் கூடாது தம்பி. ஒருக்கா திருப்புனா வண்டிக்குப் பயம் வந்துரும்" என்பார்.

வண்டிக்கு வராத பயமெல்லாம் சேர்த்து அவர் மனைவிக்கு வந்திருந்தது. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கோயில் குளம் என்று கூடப் போகிறபோதெல்லாம் அண்ணி டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, ஏறும்போது தொடங்கிய முருகா முருகாவை மலை உச்சியில்தான் நிறுத்துவார்.

இப்படி இருக்கும்போதுதான் நாட்டில் டீசல் இல்லாமல் போனது. அண்ணன் வரிசையில் நின்று பார்த்தார், வரிசையிலேயே படுத்துப் பார்த்தார். கடைசியில் வேனைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, அதற்குள் போய் டிரைவர் சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். வீட்டுக்குள் கூப்பிட்டால் கால் வலிக்கிறது என்று சாக்குச் சொல்வார். அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

வெளிநாடு போன அக்கா மகன் விட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் விமானம் ஓட்டிப் பழகும் சிமியுலேட்டர் இருந்தது. முதலில் பெரிய பிளேனை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரே நேராகப் போய்க்கொண்டிருக்கும் வாகனம் நம்ம ஊர்ப் பாதைக்குச் சரிவராது என்று தள்ளிவைத்தார். பிறகு ஹெலிகொப்டரைக் கண்டுபிடித்தார். அடுத்த வாரம் நான் வேலை முடிந்து வந்தபோது கம்ப்யூட்டர் வீட்டில் இல்லை. வேனுக்குள் இருந்தது.

காரணத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். ஹெலிகொப்டரில் பைலட் வலப்பக்கம் உட்காருவார். அவருடைய இடது கைப் பக்கம் ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத் தூக்கினால் ஹெலிகொப்டர் ஏறும், இறக்கினால் இறங்கும். நம் வேனிலும் டிரைவர் வலப்பக்கம், இடது கைப் பக்கம் ஹேண்ட்பிரேக். கடவுள் இரண்டையும் ஒரே அச்சில் வார்த்திருக்கும்போது புதிதாக எதற்கு வாங்குவது என்று கேட்டார். பழைய கிளட்ச் கேபிளையும் உடைந்த கம்ப்யூட்டர் விளையாட்டுச் சாதனம் ஒன்றின் உள்ளுறுப்புகளையும் ஹேண்ட்பிரேக்கோடு இணைத்துவிட்டார். திரை முன்கண்ணாடிக்குக் கீழே. வீட்டு ஜன்னல் வழியாக ஒரு வயர். மின்வெட்டு தொடங்கும் முன் தரையிறங்கிவிட வேண்டும்.

ஆனால் வேன்காரரின் கைக்கு ஹேண்ட்பிரேக் என்றால் நிற்பது. ஏதாவது மரம் எதிரே வந்தால் பதறிப்போய் ஹேண்ட்பிரேக்கை இழுப்பார், ஹெலிகொப்டர் விர்ரென்று ஆகாயத்துக்குப் போகும். தரை தட்டப் போகிறது என்று இழுப்பார், மறுபடியும் ஆகாயம். முதல் மாதம் முழுவதும் அவரால் எங்கேயும் நிற்க முடியவில்லை. இடது சீட்டில் துணைக்கு என்னை உட்காரவைத்திருந்தார். பின்சீட்டில் அண்ணி அவரைக்காய் உடைத்தபடி அமர்ந்திருப்பார். வேன் ஓர் அங்குலம்கூட அசையாமல் நின்றாலும் முருகா முருகா மட்டும் நிற்கவில்லை.

கை பழகியதும், வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இணையத்தில் நடத்திவந்த ஒரு குழுவில் சேர மனுப்போட்டார். பனிமலையில் மாட்டிக்கொண்டவர்களை சிமியுலேட்டரில் மீட்கும் குழு. சேர்வதற்கு ஒரு சோதனை உண்டு. மலைக்குடிலில் இருக்கும் காயக்காரரை ஏற்றி, மலைக்கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இறக்க வேண்டும். மூன்று தடவைதான் சந்தர்ப்பம். சோதனை வைக்கிறவர் நோர்வேயில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். பகல் முழுவதும் ஐஸோடு மாரடித்துவிட்டு, பொழுதுபோக்கும் ஐஸ் என்று வாழ்பவர். அண்ணனுக்கு அவர் நோர்வே தங்கச்சி.

அந்தத் தங்கச்சி பாடத்தைத் தெளிவாகத்தான் சொல்லிக்கொடுத்தார். குளிரிலே மேகத்துக்குள் போனால் எஞ்சின் காற்றிழுக்கும் வாயில் ஐஸ் படியும். அதைத் தடுக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. போட்டால் எஞ்சினுக்குள்ளிருந்தே சூடான காற்றை எடுத்து வாயைச் சூடாக்கும். அதற்கு விலையாக எஞ்சினின் பலம் குறையும், வெப்பமானி சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். ஆகவே பாரத்தைக் குறைத்துப் புறப்பட வேண்டும், நெம்புகோலை மெதுவாகத் தூக்க வேண்டும், மேகத்துக்குள் நுழையும் முன்பே சுவிட்சைப் போட்டுவிட வேண்டும். மேலே சுற்றும் விசிறியில் ஐஸ் படிந்தால் அதற்கு அந்த ஹெலிகொப்டரில் சுவிட்சே கிடையாது. மேகத்தை விட்டு வெளியே வருவதுதான் வழி.

அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஐஸ் சுவிட்சாக அவர் இணைத்துவைத்திருந்தது எதைத் தெரியுமா? வேனின் ஏசி சுவிட்சை. சூடும் குளிரும் ஒரே இலாகாதானே என்றார்.

முதல் சோதனை. ஹாலிஎல வெயிலில் கம்பளிச் சட்டையும் குரங்குத் தொப்பியும் போட்டுக்கொண்டு புறப்பட்டார். காயக்காரரை ஏற்றினார், கணவாயை நோக்கித் திரும்பினார், மேகத்தைப் பார்த்து சுவிட்சைப் போட்டார். ஹெலிகொப்டர் கொஞ்சம் திணறியது. அவ்வளவுதான், "ஏத்தம்" என்று அறிவித்துவிட்டு ஏசியை அணைத்தார். சிறிது நேரத்தில் எஞ்சின் மூச்சடைத்து நின்றது. எல்லோரும் போய் மலையில் மோதினோம்.

"அண்ணை, அதை ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று ஒலிபெருக்கியில் தங்கச்சி கேட்டார்.

"மேட்டுல ஏசி போட்டுக்கிட்டு யாருங்க ஏறுவா?"

"அது ஏசி இல்லை அண்ணை."

தெரியும் என்றார். தெரிந்தது மண்டைக்கு. கைக்கு யார் சொல்வது? இரண்டாவது சோதனையில் அந்தச் சுவிட்சின்மேல் என் உள்ளங்கையை வைத்துக் காவல் காத்தேன். மேடு வந்ததும் என் கையைக் கொசுவைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டு அணைத்தார். தங்கச்சி சத்தம் போட, பதறி மறுபடி போட்டார். அதற்குள் படிந்திருந்த ஐஸ் மொத்தமாகப் பெயர்ந்து எஞ்சினுக்குள் போனது. மறுபடியும் மலை.

இதற்கிடையே டீசல் வந்துவிட்டது. வேனை ரோட்டில் இறக்க அண்ணன் துடித்தார். அப்போதுதான், அதுவரை முருகனிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்த அண்ணி அவரிடம் பேசினார்.

"மூணாவது தடவயும் மலயில மோதுனீங்கன்னா வேன வித்துறணும். பொய் மலயில ரெண்டு தரம் சாகடிச்சிட்டீங்க. நெச மலயில ஒரு தரம் போதும்."

பெரகலவில் காய்கறி வியாபாரம் செய்யும் ஒருவர் வேனைக் கேட்டு ஏற்கனவே சொல்லியனுப்பியிருந்தார். அண்ணன் ரோஷக்காரர். மோதுவது என்ன, பாஸாகாவிட்டாலே சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று தானாகப் பந்தயத்தை உயர்த்தினார். சோதனை நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை வியாபாரியும் வந்து, கொட்டகை ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். வேன் போனால் அண்ணன் என்ன ஆவார் என்று யோசித்தபடியே நான் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அன்று நான் சுவிட்சைத் தொடக் கூடாது என்று தங்கச்சி சொல்லிவிட்டார். அண்ணன் பிரமாதமாக ஓட்டினார். பாரம் குறையட்டும் என்று எரிபொருளை அளவாக ஏற்றியிருந்தார். மேகத்துக்கு முன்பே சுவிட்சைப் போட்டார். ஹேண்ட்பிரேக்கை, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கினார். கணவாய்க்குக் கொஞ்சம் கீழே வந்தபோது மேகம் கெட்டியானது. வெப்பமானி சிவப்புக் கோட்டைத் தொட்டது. உயரமானி ஏறாமல் நின்றது. விசிறியிலும் ஐஸ் படியத் தொடங்கி வேன் சீட்டு அதிர்வதுபோல் திரை அதிர்ந்தது.

அவருடைய கை ஏசி சுவிட்சுக்குப் போனது. பின்னால் முருகா நின்றுவிட்டது. வியாபாரிகூட எழுந்து வந்து ஜன்னலில் தலையை வைத்திருந்தார்.

அண்ணன் விரலை எடுத்தார். குரங்குத் தொப்பியைக் கழற்றி மடியில் போட்டார்.

"திருப்புறேன்" என்றார்.

திருப்பினார். மேகத்தை விட்டு வெளியே வந்து, ஏறிய பக்கத்திலேயே பள்ளத்தாக்கில் ரோட்டோரம் ஒரு மைதானத்தில் பூப்போல இறக்கினார். திரையில் இல்லாத காயக்காரரிடம், பயப்படாதீங்க, இங்க ஆம்புலன்ஸ் வரும் என்று சொன்னார். பிறகு தங்கச்சியிடம் பாஸா பெயிலா என்று கேட்டார்.

"பெயில் அண்ணை. ஆள் உயிரோட இருக்கிறார். ஆனா ஆஸ்பத்திரியில இறக்கினால்தான் பாஸ். விதி அப்பிடி."

அண்ணன் சாவியை உருவினார், இறங்கினார், வியாபாரியிடம் நீட்டினார். அந்த நீட்டிய கையைப் பார்க்க முடியாமல் நான் அவரைக்காய்த் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி வேனிலிருந்து இறங்கி வந்து, நடுவில் புகுந்து, சாவியை வாங்கிக்கொண்டார்.

"வேன் குடுக்கிறதில்லீங்க. டீ ஊத்துறேன், குடிச்சிட்டுப் போங்க" என்று வியாபாரியிடம் சொன்னார். அண்ணன் திகைத்துப்போய், தான் பெயில் என்று நினைவூட்டினார்.

"கட்டிக்கிட்ட நாள்லயிருந்து நீங்க ஒரு தரமாவது திருப்ப மாட்டீங்களான்னுதான் அந்த முருகன்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்று சொன்ன அண்ணி, சாவியை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு டீ ஊற்றப் போனார். அண்ணன் வேன் கதவைத் துடைக்க ஆரம்பித்தார். கதவு சுத்தமாகத்தான் இருந்தது. எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்ததுபோல் இருந்ததால் மேல்மாடிக்குப் போய்விட்டேன்.

இப்போது நான் கொழும்பில் இருக்கிறேன். மலைநாட்டில் கடும் மழை என்று செய்தியில் சொன்னால் உடனே அவருக்குத்தான் போன் போடுவேன். போன வாரமும் போட்டேன். பெரகலவில் ஒரு தேநீர்க் கடையில் நிற்பதாகச் சொன்னார். மேலே ஒரே மிஸ்ட், கலைகிறவரை ஏறுவதாக இல்லையாம். எவ்வளவு நேரம்தான் நிற்பது என்று பயணிகள் அவரை ஏசுவது போனில் நன்றாகக் கேட்டது. காதுக்கு இனிமையாக இருந்தது.

"இன்னொரு டீ குடிங்க அண்ணே" என்றேன்.