நிற்காத காற்றாடியும் நான் போர்த்திய பொன்னாடையும்

தெரியாத வேலையை ஒரு மனிதனின் தலையில் கட்டுவதற்கு மாமனார் வீட்டைப் போல வசதியான இடம் உலகத்தில் கிடையாது. "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அங்கே எந்த மருமகனுக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை.

அப்போது நான் பதுளையில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் இருந்தேன். வாங்க வருகிறவர் முன்னால் பல்பை எரியவைத்துக் காட்டிவிட்டு பில் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. (பல்ப் எரிந்தால் எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.) இதைத்தான் கல்யாணத் தரகர் பெண் வீட்டில் "மாப்புள கரண்டு லைன்ல இருக்காரு" என்று சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு மலையேறிப் போய்ச் சேர்வதற்குள் நான் இஞ்சினியராகிவிட்டேன். மறுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை விருந்தில் கோழி பரிமாறும்போது யார் மறுப்பார்கள்?

மாமனார் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபீஸ் ஒன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்று, பண்டாரவளையில் வீடு கட்டிக் குடியிருந்தார். குளிர் வந்தால் அத்தைக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். அதற்காக ஜப்பானில் வேலை செய்த என் மச்சான் குமார் ஒரு மெஷின் அனுப்பியிருந்தான். பார்த்தால் ஏசி மாதிரியே சுவரில் உயரத்தில் உட்கார்ந்திருக்கும். ஆனால் சூடான காற்றை ஊதும். ஊரே கம்பளிச் சட்டைக்குள் நடுங்கும்போது மாமாவின் ஹாலில் மட்டும் மட்டக்களப்பு வெயில். ரிமோட்டில் இருந்த எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. மாமாவுக்குத் தெரிந்தது சிவப்புப் பொத்தான் ஒன்றுதான்.

எங்கள் தலைப்பொங்கலுக்கு நானும் மனைவி வசந்தியும் அங்கே போயிருந்தோம். பசறையிலிருந்து வசந்தியின் பெரியப்பாவும் குடும்பத்தோடு வந்திருந்தார். வெளியே தூறல். அதனால் பொங்கலைப் பின்பக்கம் கொட்டகையில் வைத்து இறக்கி, ஹாலில் சாமி படத்துக்கு முன்னால் படைக்க ஏற்பாடு. அதற்கு முன்னால் மாமா ஒரு ஜரிகைப் பொன்னாடையை எடுத்து, "நம்ம வீட்டு இஞ்சினியருக்கு" என்று என் தோளில் போர்த்தினார். பெரியப்பா கை தட்டினார். நானும் அடக்கமாகத் தலை குனிந்தேன். (அந்த அடக்கத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.)

அத்தை குத்துவிளக்கை ஏற்றினார். காற்றில் அணைந்தது.

"அந்த மெஷின நிப்பாட்டுங்க" என்றார் அத்தை.

மாமா சிவப்புப் பொத்தானை அமுக்கினார். சூடு நின்றது. காற்று நிற்கவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். அப்போதும் காற்றாடி ஜில்லென்று ஊதிக்கொண்டேயிருந்தது. மறுபடி ஏற்றிய விளக்கும் அணைந்தது. பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்து, "நல்ல நேரம் முடியப் போகுதே. தலைப்பொங்கல்ல வெளக்கு அணையிறது நல்லதில்லீங்களே" என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னார்.

"பதட்டப்படாதீங்க. மாப்புள இருக்காரில்ல?" என்றார் மாமா.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வசந்தி மட்டும் தரையைப் பார்த்தாள். என் கடையை நேரில் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

ரிமோட்டை வாங்கிச் சிவப்புப் பொத்தானை அடுத்தடுத்து அமுக்கினேன். பிறகு பேட்டரியைக் கழற்றி, வேட்டியில் துடைத்துப் போட்டு, திரும்பவும் அமுக்கினேன். காற்றாடி என்னை மதிக்கவில்லை. "ரிலே ஒட்டிக்கிச்சு" என்றேன். கடையில் ஒரு மெக்கானிக் சொல்லக் கேட்ட வார்த்தை. ரிலே என்றால் உருண்டையா சதுரமா என்று எனக்குத் தெரியாது. பெரியப்பா மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

மெயின் சுவிட்சை அணைத்தேன். காற்றாடி நின்றது! அத்தை கும்பிட்டே விட்டார். ஆனால் உள்ளறையிலிருந்து, "ஐயோ, மேட்ச் போயிருச்சே!" என்று பெரியப்பா மகனின் அலறல் கேட்டது. மெஷினுக்குத் தனி சுவிட்ச் வைக்காமல் நேரே மெயினில் இணைத்திருந்தார்கள். மூடுபனியில் ஹால் இருட்டாகிவிட்டது. அப்படியே விட்டு விளக்கை ஏற்றியிருந்தால் அன்றைய நாயகன் நான்தான். ஆனால் இஞ்சினியர் என்றால் கோளாறை வேரோடு பிடுங்க வேண்டாமா? மெயினைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் காற்றாடியும் எழுந்துகொண்டது.

"தெறந்து பார்த்துருவோம்" என்றேன்.

"என்னாங்க, வேணாங்க" என்றாள் வசந்தி மெதுவாக.

"நீ சும்மா இரு. இது டெக்னிக்கல்."

மேசையின் மேல் ஸ்டூல் வைத்து ஏறினேன். முன்மூடி கையோடு வந்தது. அதற்கு அடியில் இருந்த காற்றுத் தடுப்பு வரவில்லை, ஆகவே பிய்த்தேன். உள்ளே நீளமான உருளை மாதிரிக் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ரிலே எங்கே இருக்கிறது என்று எட்டிக் குனிந்தேன். என் தோளிலிருந்த பொன்னாடையும் கூடவே குனிந்தது.

நுனியைக் காற்றாடி கவ்வியதுதான் தெரியும். பொன்னாடை சரசரவென்று உள்ளே போனது; பின்னாலேயே நானும் போனேன். கன்னம் மெஷினில் மோதியது. "மாப்புளய இழுக்குதே, பிடிங்க!" என்று மாமா என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். (பிடிக்க எவ்வளவோ இடம் இருந்தது.) நல்லவேளை, மெஷினுக்கு என் மேல் ஆசையில்லை. என் கழுத்தை விட்டுவிட்டுப் பொன்னாடையை முழுசாக வாங்கிக்கொண்டது. உள்ளே 'மடக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, ரப்பர் கருகும் வாடை. பிறகு அமைதி.

காற்றாடி நின்றுவிட்டது.

அத்தை ஓடிப்போய் விளக்கை ஏற்றினார். சுடர் ஆடாமல் நின்றது. நல்ல நேரத்துக்குள் பொங்கல் படைத்தாயிற்று. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன். "உசிரக் குடுத்து நிப்பாட்டிட்டாரு" என்று மாமா முதுகில் தட்டினார். "ரிலேதான்" என்றேன் நான், வெட்கமில்லாமல்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாழ்த்துச் சொல்ல ஜப்பானிலிருந்து குமார் போன் எடுத்தான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அத்தை ஸ்பீக்கரில் போட்டார். மாமா என் வீரத்தை விவரித்தார்.

"ரிலேயா?" என்றான் குமார். "அப்பா, அத நிப்பாட்டினா உள்ள சூடு ஆறுற வரைக்கும் காத்து ஓடும். கொஞ்ச நேரத்துல தானா நின்னுரும். நடுவுல அமுக்கினாத்தான் மறுபடி மொதல்லருந்து ஓடும். அமுக்கினீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார்; நான் பொங்கலைப் பார்த்தேன். கடைசியில் பெரியப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கி நிதானமாகக் கேட்டார்:

"அப்ப, தானா நிக்கிறதையா மாப்புள நிப்பாட்டினாரு?"

வசந்திதான் முதலில் சிரித்தாள். பிறகு வீடே சிரித்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தார். பாவம், அந்த வருஷக் குளிர் முழுக்க அவர் சுடுதண்ணிப் போத்தலைக் கட்டிக்கொண்டுதான் படுத்தார். மெஷினைப் பார்க்க வந்த ஆள், உள்ளேயிருந்து ஜரிகை ஜரிகையாக எடுத்து வெளியே போட்டுவிட்டு, "இது எந்த நாட்டு பார்ட்ஸுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான்; திரும்ப வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது நிற்காமல் போனாலும் அதற்கு வைத்தியம் ஒன்றுதான். குழந்தை அழுகையை நிறுத்தவில்லையா, கோயில் கூட்டத்தில் தலைவர் பேச்சை முடிக்கவில்லையா, உடனே யாராவது காதோடு சொல்வார்கள்: "மாப்புளய விட்டு ஒரு பொன்னாட போடச் சொல்லுங்க."

போன வருஷம் என் மகளின் கல்யாணத்தில் நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தேன். கொஞ்சம் உருக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் யாரோ எழுந்திருப்பது தெரிந்தது. அத்தை. எண்பதைத் தாண்டியவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்து வருகிறார். கையில் மடித்த பொன்னாடை.

"எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.