தாடிக்காரனும் மாப்பிள்ளைக் குரங்கும்

கொட்டாவியைப் பார்த்தால் கொட்டாவி வரும். அதை அடக்கத் தெரியாதவன் சிங்கவால் குரங்கின் எதிரில் உட்காரக் கூடாது. நான் உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு சின்ன உயிரியல் பூங்காவில் எனக்குத் தற்காலிக வேலை. அழிந்துவரும் இந்தக் குரங்கினத்தைப் பெருக்க, பல ஊர்ப் பூங்காக்கள் தங்களுக்குள் கொண்டு கொடுத்துக்கொள்ளும். நாம் ஒரே குலக் கூட்டத்துக்குள் பெண் எடுக்காத மாதிரி, அங்கேயும் ரத்த உறவை விலக்கித்தான் ஜோடி சேர்ப்பார்கள். அப்படி வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை அது. எங்கள் பெண் குரங்கோடு சேராவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது; வேறு வரனும் இல்லை. கூண்டருகே உட்கார்ந்து இரண்டையும் கவனிப்பது என் பொறுப்பு. (எனக்கே வரன் அமையாமல், பழனிக்கு வேண்டிக்கொண்டு தாடி வளர்த்துக்கொண்டிருந்த நேரம். இளநரை வேறு.)

மழைக்காலம். பகலிலேயே உள்ளறை இருண்டு கிடக்கும். மாப்பிள்ளையின் கரிய முகம் இருட்டில் கரைந்துவிட, அதைச் சுற்றிய வெளிறிய முடி மட்டும் அந்தரத்தில் வளையமாகத் தொங்கும். அந்த வளையம் பெண் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்தது. நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. பிறகு வளையத்தின் நடுவே மெதுவாக ஒரு வாய் திறந்தது. நீள நீளமான பற்கள். பாவம், தூக்கம் போல என்று நினைத்து நானும் கொட்டாவி விட்டேன்.

தினமும் இதே கதை. பெண் குரங்கு பயந்து மூலையில் சுருண்டுகொண்டது. ஒரு சாயங்காலம் வெளியே வாளியோடு தண்ணீர்த் தொட்டியில் குனிந்தேன். உள்ளே கறுத்த முகம், சுற்றிலும் நரை முடி. பின்னால் கம்பிவலையை உலுக்கும் சத்தம். தண்ணீரில் தெரிவது நானா, அதுவா என்று நிஜமாகவே புரியவில்லை. வாளியைப் போட்டுவிட்டு ஓடி, எதிரே வந்த கால்நடை டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன்.

"அது கொட்டாவி விட்டப்ப நீங்க என்னங்க பண்ணுனீங்க?"

"நானும் உட்டேனுங்க."

"அது கொட்டாவி இல்லீங்க தம்பி. பல்லைக் காட்டிச் சண்டைக்குக் கூப்புடுது. நீங்களும் தினம் 'வாரேன்'னு சொல்லீட்டு இருக்கறீங்க! இந்தத் தாடியப் பார்த்து, போட்டிக்கு வந்த ஆண் குரங்குன்னு நெனச்சுப்போட்டுதுங்க."

"சாமிக்கு வச்ச முடிங்க டாக்டர். கல்யாணம் கூடுனாத்தான் எடுக்கோணும்."

"அதோட கல்யாணம் கூடோணும்ல? எடுத்துப்போடுங்க."

மறுநாளே பழனிக்குப் போய் தாடியோடு மொட்டையும் போட்டுக்கொண்டு வந்தேன். (யார் கல்யாணத்துக்கு என்று முருகனிடம் விளக்கமாகச் சொல்லவில்லை.) சந்தனத் தலையோடு வந்து நின்றவனை மாப்பிள்ளை ஏற இறங்கப் பார்த்தது. இவன் ஒரு ஆளே இல்லை என்று முடிவுகட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு பெண்ணிடம் போய் உட்கார்ந்தது. அடுத்த வருஷம் குட்டி பிறந்தபோது நான் அழுதேவிட்டேன்.

எனக்குப் பெண் அமைய இன்னும் சில வருஷம் ஆனது. இப்போதும் விருந்தாளிகள் முன்னால் கொட்டாவி விட்டால் என் மனைவி, "ஏனுங்க, வாய மூடுங்க. இங்க யாரும் சண்டைக்கு வரல" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஆனால் தலை முழுக்க நரைத்துவிட்டது. கரண்ட் போன நேரத்தில் நிலைக்கண்ணாடியைக் கடக்க நேர்ந்தால், வாயை இறுகப் பொத்திக்கொண்டுதான் கடக்கிறேன். உள்ளே இருப்பது முதலில் வாயைத் திறந்துவிட்டால் என்ன செய்வது?